இடக்கையால் வாங்கியது

குந்தியிருக்கத் தெரிந்ததால்தான் நான் கச்சர் ஆனேன். வேறு காரணம் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் தொடங்கிய வருடம் அது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு தீர்ந்து, படகுகள் திரும்பவும் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தன. விளையாட்டு ரீச்சர் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு சாக்கு நிறையக் கிளவுஸ் கொண்டுவந்தார். எல்லாம் பழசு. யாரோ தெரியாதவர்களின் வேர்வை மணந்தது. எங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, குதிக்கால் தூக்காமல் குந்தச் சொன்னார்.

"நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் எழும்பக் கூடாது."

முதலில் சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தியாகப் பின்பக்கம் விழுந்தார்கள். நான் இருந்தேன். எங்கள் கடற்கரை ஊரான கொழும்புத்துறையில் வீட்டுப் பெண்கள் கரையில் குந்தியிருந்துதான் இறால் பிரிப்பார்கள். படகு வந்தால் வேலை முடியும்வரை எழும்ப மாட்டார்கள். எனக்கு அது கதிரையில் இருப்பது மாதிரி. மைதானத்துக்கு அங்கால் கடல் வெள்ளையாகக் கிடந்தது. வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ரீச்சர் தோளில் தட்டியபோது மற்ற எல்லாரும் எழும்பி நின்றுகொண்டிருந்தார்கள்.

"பிள்ளை நித்திரையோ?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப நீதான் கச்சர்."

கச்சர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிற பந்தை வாங்குகிறவள். முகத்துக்குக் கம்பிக்கூடு. நெஞ்சுக்குக் கவசம். இடது கையில் தடித்த தோல் கிளவுஸ். வலது கைக்கு ஒன்றும் இல்லை. அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். பந்து கல் மாதிரி இருக்கும். வெறும் விரலில் பட்டால் விரல் போய்விடும்.

எறிகிறவள் ஒரு உரும்பிராய்க்காரி. கடலுக்குத் தள்ளி, செம்மண் தோட்டங்கள் உள்ள ஊர். என் வகுப்புத்தான், ஆனால் அதுவரை நாங்கள் கதைத்ததில்லை. அவள் வீட்டுத் தோட்டத்தில் முந்திரிகைக் கொடிப் பந்தல் இருந்தது. குலைகளுக்கு வருகிற கிளிகளைச் சின்ன வயதிலேயே கல்லால் எறிந்து கலைத்துப் பழகியவள். நீளமான கை. அது எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பந்து வந்து கிளவுஸில் விழுந்தால் மைதானத்தின் மற்ற மூலையில் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். மத்தியான நித்திரையில் கிடக்கும்போது தூரத்து வீட்டில் கதவு சாத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

முதலில் முழங்கால் பிரச்சினையாக இருந்தது. நான் முழங்காலைச் சேர்த்துக் குந்துவேன். பெண் பிள்ளை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். மதிலுக்கு மேலால் பெடியங்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாழ்ந்து வருகிற பந்து முழங்காலில் பட்டுத் தெறித்து ஓடும்.

"காலை விரிச்சுக் குந்து பிள்ளை."

நான் முழங்காலை இன்னும் சேர்த்தேன். ரீச்சர் வந்து கம்பிக்கூட்டை என் முகத்தில் இறக்கிவிட்டார்.

"இப்ப நீ ஆரெண்டு உவங்கள் ஒருத்தனுக்கும் தெரியாது. விரி."

விரித்தேன். கம்பிக்குள்ளால் பார்த்தால் உலகம் துண்டு துண்டாகத் தெரியும். அதற்குள் நான் இல்லாத மாதிரி இருந்தது. முழங்கால் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

கைப் பிரச்சினைதான் தீரவில்லை.

எங்கள் வீட்டில் இடக்கையால் எதையும் வாங்க முடியாது. இடக்கை நீண்டால் அம்மா கொடுக்கமாட்டார். கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வலக்கை வரும்வரை ஒன்றும் சொல்லாமல் நிற்பார். பெரியவர்கள் எதையாவது தந்தால் இரண்டு கையையும் சேர்த்து, கொஞ்சம் தாழ்த்தி வாங்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. கை தானாகச் செய்யும்.

பந்துக்கும் கை அதையே செய்தது. இடக்கை முன்னே போகும். பின்னால் ஒளிந்திருந்த வலக்கை ஓடிவந்து பக்கத்தில் சேரும். இரண்டும் சேர்ந்ததும் கொஞ்சம் தாழும். பிழை அவ்வளவுதான். ஆனால் அதில் இரண்டு கேடு இருந்தது. முழங்காலுக்கு மேலால், அடிக்கிறவளுக்கு முன்னால் தரையில் பதித்த தட்டின் மேலாக வருகிற பந்தை அம்பயர் ஸ்ட்ரைக் என்பார். எறிகிறவளுக்கு அது நல்லது. நான் கையைத் தாழ்த்திவிட்டால் அம்பயரின் கண்ணுக்குப் பந்தும் தாழ்ந்து போகும். பிழைப் பந்து, 'போல்' என்றுவிடுவார். உரும்பிராய்க்காரியின் நல்ல பந்துகள் எல்லாம் முழங்கால் உயரத்தில்தான் வரும். அவளுடைய உழைப்பை நான் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன்.

"பந்து வந்த இடத்திலையே கை நிக்கவேணும்" என்றார் ரீச்சர். "வந்த இடத்திலையே. விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்."

அடுத்த பந்துக்கும் வலக்கை வந்தது. உரும்பிராய்க்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடியேய், அது பந்தடி. பிரசாதமில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கம்பிக்கூட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை.

அந்த இரண்டாவது கேடு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு விளையாடினோம். அடிக்கிறவளின் மட்டையில் பந்து உரசித் திரும்பியது. என் வலக்கை அங்கே நின்றது, நிற்கக் கூடாத இடத்தில். மோதிரவிரல் நுனி பின்னுக்கு மடிந்தது. நோ உடனே வரவில்லை. முதலில் எல்லாம் அமைதியாக இருந்தது. வேப்பம்பூ விழுந்துகொண்டிருந்ததைக் கண்டேன். பிறகுதான் நோ வந்தது.

வீட்டில் அம்மா நல்லெண்ணெய் பூசித் துணியால் சுற்றினார். நீண்ட நேரம் விரலைப் பார்த்தார்.

"நாளைக்கு இறால் வருது" என்றார். அவ்வளவுதான்.

விரல் ஆறியது. நேராக ஆறவில்லை. திரும்ப மைதானத்துக்குப் போனேன். கம்பிக்கூட்டை மாட்டிக் குந்தினேன். உரும்பிராய்க்காரி எறிந்தாள். பிடித்தேன். பிறகும் எறிந்தாள். பிடித்தேன். எல்லாப் பந்தும் சுகமாக வந்து கையில் விழுந்தது. நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சென்றுதான் விளங்கியது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் இல்லை. தலையணையில் தட்டுகிற மாதிரி இருந்தது.

விளையாட்டு முடிந்து பைப்படியில் அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய சப்பாத்திலிருந்து எப்போதும் உரும்பிராய்ச் செம்மண் கரைந்து ஓடும்.

"மெல்ல எறியிறாய்" என்றேன்.

"இல்லை."

"எனக்குத் தெரியும்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்ரை விரல் மடிஞ்சதைப் பாத்தனான். அதுக்குப் பிறகு கெதியா எறிய எனக்குக் கை வருதில்லை."

"மாசியிலை என்ன செய்யப்போறாய்?"

அவள் பைப்பை இறுக்கிப் பூட்டினாள். மாசி மாதம் தெற்கே ஒரு ஊரில் போட்டி இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட தேசியக் குழுவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து இருந்து பார்ப்பார்கள். இந்தமுறை எடுபடாவிட்டால் பந்தை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும் என்று அவளுடைய அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பந்தை விட்டால் வேறு ஒன்றும் வேண்டாம். அது எனக்குத் தெரியும். மெல்ல எறிந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். அவளை வேகமாக எறியவைக்க ஒரு வழிதான் இருந்தது. என் வலக்கை பின்னால் நிற்க வேண்டும். வேறு கச்சரும் இல்லை. இன்னொருத்தியை இருத்திப் பார்த்தார்கள். அவள் பந்து வரும்போது கண்ணை மூடினாள்.

"உனக்காக இல்லாட்டிலும் என்ரை விரலுக்காகக் கையைப் பின்னுக்கு வைக்கிறன்" என்றேன்.

"வைப்பியோ?"

"வைப்பன்."

சொன்னேன். கை கேட்கவில்லை.

ரீச்சர் என் கழுத்திலிருந்த பள்ளிக்கூட ரையைக் கழற்றி வலக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினார். முதல் பந்துக்கே பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். கட்டிய கையோடு எழும்பவும் முடியவில்லை. மண்ணில் சுழன்றேன்.

"நண்டு!" என்றாள் உரும்பிராய்க்காரி. அந்தப் பெயர் நின்றுவிட்டது. இன்றைக்கும் ரெலிபோனில் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பிறகு அவளே ஒரு வழி பிடித்தாள். எனக்கு எதைத் தந்தாலும் இடக்கையில்தான் தருவாள். பணிஸ், பேனை, கொய்யாக்காய், தண்ணீர்ப் போத்தல். வலக்கை வந்தால் தரமாட்டாள். கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். அம்மா செய்ததைத்தான் அவள் மறுபக்கமாகச் செய்தாள். பசியில் ஒருநாள் எனக்குக் கோபம் வந்தது.

"பணிஸைத் தாடி."

"மற்றக் கை."

"எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நண்டுக்கு எந்தக் கை பெரிசு எண்டு ஆருக்குத் தெரியும்?"

இடக்கையை நீட்டினேன். பணிஸைத் தந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறியது. ஆனால் மைதானத்தில் மாறுவதற்கு முதல் மற்ற இடங்களில் மாறிவிட்டது. பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சக் காசு தந்தபோது இடக்கை நீண்டது. "தங்கச்சி, சோத்துக் கையை நீட்டு" என்றார். ஒருநாள் உரும்பிராயில் பயிற்சி முடிந்து அவளோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஐயர் திருநீறு கொண்டுவந்தார். இடக்கை முன்னே நின்றது. ஐயர் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். அவள் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். நான் கையை மாற்றினேன். பிள்ளையாரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே அவளுடைய வீட்டிலும் நடந்தது. நாங்கள் வெங்காயத் தோட்டத்துக் கரையில் எறிந்து பழகிவிட்டுக் கிணற்றடியில் இருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்து, வெங்காயத் தாள் எல்லாம் பொன் மாதிரி நின்றது. அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் இடக்கையை நீட்டினேன்.

அவர் நின்றுவிட்டார்.

"உங்கடை கரையிலை உப்பிடித்தான் வாங்கிறதோ?"

"அம்மா, அது பயிற்சி" என்றாள் மகள்.

"மரியாதையை மறக்கிறதுக்கும் பயிற்சியோ?"

பேணியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். நான் வலக்கையால் எடுத்துக் குடித்தேன். நல்ல இனிப்பு. திரும்பிப் போகிற பஸ்ஸில் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன்.

தை மாதம் பனி இறங்கியது. எங்கள் கரையில் தைப்பனி பாலைப் போல நிற்கும். கடல் இருக்காது. படகுகளின் முன்மூக்கு, அணியம், மட்டும் தெரியும். வலைத் தடிகளின் உச்சியில் நீர்க்காகங்கள் ஒன்றுமில்லாததில் இருப்பது போல இருக்கும். மாசிக்கு நாள் கிட்டிவிட்டதால் சனி ஞாயிறுகளில் அவள் விடியவே வந்தாள். அவளுடைய அண்ணை வேலைக்குப் போகிற வழியில் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

ஒருநாள் பனி மிகவும் தடிப்பாக இருந்தது. நான் குந்தினேன். அவள் நடந்து போனாள். கொஞ்சத் தூரத்தில் அவளுடைய கால் மறைந்தது. பிறகு முழு ஆளும் மறைந்தாள்.

"நண்டு, தெரியுதோ?"

"இல்லை."

"எனக்கும் தெரியேல்லை. எறியட்டோ?"

"எறி."

ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளைக்குள்ளிருந்து பந்து பிறந்து வந்தது. அதற்கு முதல் அது எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கிட்ட வந்தபிறகுதான் வந்தது. யோசிக்க நேரம் இல்லை. மரியாதைக்கும் நேரம் இல்லை. இடக்கை தானாகத் திறந்தது. பந்து அதற்குள் இருந்தது. வலக்கை எங்கே என்று பார்த்தேன். முதுகுக்குப் பின்னால், குதிக்காலுக்குப் பக்கத்தில், அது தன்பாட்டில் கிடந்தது.

"பிடிச்சியோ?" பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஓம்."

"கையோ?"

"பின்னுக்கு."

அவள் சிரித்தது கேட்டது. அடுத்த பந்து கெதியாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் கெதி. அவளுக்கு என் விரல் தெரியவில்லை. அதனால் பயமும் இல்லை. எனக்கு அவளுடைய கை தெரியவில்லை. அதனால் முந்திப் போய் வாங்க ஒன்றும் இல்லை. வந்தால் வாங்கினேன். கதவு சாத்துகிற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. நீர்க்காகங்கள் எழும்பிப் பறந்தன. செட்டையடிப்பு மட்டும் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இறால் பிரிக்கக் கூப்பிட வந்த அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெயில் வந்து பனி கிழிந்தபோதுதான் அவரைக் கண்டேன். உரும்பிராய்க்காரியும் தெரிந்தாள். நினைத்ததைவிடக் கிட்டத்தில் நின்றாள். முகமெல்லாம் ஈரம்.

"உனக்குக் கை வலிக்காதோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார். என்னைக் கேட்கவில்லை. எறிகிறவளைக் கேட்டார்.

"இல்லை அன்ரி."

"ஒரு வாய் புட்டுச் சாப்பிட்டுட்டுப் போ."

மாசியில் போனோம். இரவு முழுக்க பஸ். போட்டி நடந்த மைதானம் பச்சைப் பசேல் என்றிருந்தது. அவ்வளவு புல்லை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. சப்பாத்தோடு மிதிக்க ஒரு மாதிரி இருந்தது. கொட்டகைக்குள் வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் வரிசையாக இருந்தார்கள். அவர்கள்தான் ஆள் எடுக்கிறவர்கள்.

அங்கே பனி இல்லை. நல்ல வெயில். உரும்பிராய்க்காரிக்கு என்னை முழுதாகத் தெரிந்தது. முதல் பந்து தலையணையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அடிக்கிறவள் சுகமாக அடித்துவிட்டு ஓடினாள். அடுத்தவளும் அடித்தாள். ரீச்சர் எழும்பி நின்றார். கொட்டகைக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி பக்கத்துத் தொப்பியோடு கதைத்துக்கொண்டிருந்தது.

நான் கம்பிக்கூட்டை மேலே தூக்கிவிட்டு அவளிடம் நடந்து போனேன்.

"என்னடி?" என்றாள்.

என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு போகவில்லை. கதை எனக்கு வராது. கிளவுஸைக் கழற்றிக் கமக்கட்டில் வைத்தேன். வெறும் இடக்கையை நீட்டினேன்.

"பந்தைத் தா."

தந்தாள். வலக்கை அசையவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பந்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"இனிக் கரையிலை எறிஞ்ச மாதிரி எறி" என்றேன்.

"பனி இல்லையே."

"கண்ணைச் சுருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் திரும்பி வந்து குந்தினேன்.

அடுத்த பந்து வந்தது. கதவு சாத்தியது. கொட்டகைக்குள் எல்லாத் தொப்பியும் திரும்பியது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மட்டையில் பந்து சரியாகப் படவில்லை. நான் அடிக்கிறவளைப் பார்க்கவில்லை. புல்லையும் பார்க்கவில்லை. கம்பிக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதற்குள்ளிருந்து பந்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடைசி ஆள். இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் அவள் அவுட். உரும்பிராய்க்காரி தன்னுடைய நல்ல பந்தை எறிந்தாள். முழங்கால் உயரம், மயிரிழை கூடக் குறைய இல்லை. அடிக்கிறவள் அடிக்காமல் விட்டாள். முந்தியென்றால் நான் அதைக் கும்பிட்டு வாங்கிக் கீழே இறக்கியிருப்பேன். இந்தமுறை கை கீழேயிருந்து மேலே போய் அதைச் சந்தித்தது. வந்த இடத்திலேயே நின்றது. அம்பயர் என் கிளவுஸைப் பார்த்தார்.

"ஸ்ட்ரைக்!"

ஆட்டத்தில் தோற்றோம். நான் அடிக்கப் போய் ஒரு பந்தையும் தொடவில்லை. ஆனால் பின்னேரம் வெள்ளைத் தொப்பி ஒருவர் வந்து உரும்பிராய்க்காரியின் முதுகு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். ரீச்சர் அழுதார். அவள் அழவில்லை, என்னைத் தேடினாள். நான் பைப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். இடது உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது. வலது கையில் புதுக் காயம் ஒன்றும் இல்லை.

அவள் கொழும்பில் பயிற்சிக்குப் போக முதல் நாள் உரும்பிராய்க்குச் சைக்கிளில் போனேன். விறாந்தையில் பெட்டி கட்டிக் கிடந்தது. அவள் உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் இருந்தேன். வெங்காயம் கிண்டி முடிந்திருந்தது. செம்மண் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கிளி பந்தலில் வந்து இருந்தது. கலைக்க ஆள் இல்லை.

அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். அழுதிருந்தார் என்று கண் சொன்னது. நான் எழும்பினேன். இடக்கை நீண்டுவிட்டது. கண்டதும் உடனே இழுத்து மற்றக் கையைக் கொண்டுவரப் பார்த்தேன்.

"நிக்கட்டும்" என்றார்.

நின்றேன். அவர் என் இடக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உந்தக் கைதானே என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகுது."

கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பேணியை அந்தக் கையிலேயே வைத்தார். எவர்சில்வர் பேணி. சுட்டது. மற்றக் கை பின்னால்தான் இருந்தது. வந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.